கிரிகரியின் மதியச் சாப்பாடு

என் பெயர் வேலாயுதம், தகப்பனார் பெயர் இராமலிங்கம், வயது 46. கிள்ளான், மேரு சாலையில் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். மேருவில் பலகைக்குப் பூச்சி அரிக்காத மருந்து ஏற்றும் தொழிற்சாலையில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன்.

இறந்துபோன கிரிகரி என்னோடு ஒரே தொட்டியில் வேலை செய்தவர். அந்த மருந்தில் ஆர்சனிக் இருக்கிறது. எங்கள் கையுறை கிழிந்து பல மாதம் ஆகிறது. சூப்பர்வைசரிடம் கேட்டோம், வரும் என்றார், வரவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

4.3.1992 அன்று கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கியது. அன்று மதியம் கிரிகரி, தன் மனைவி பெர்னடெட் கட்டிக்கொடுத்த சாப்பாட்டை என்னிடம் நீட்டினார். தான் ஒருசந்தி இருப்பதாகவும், இரவில் மட்டும் கஞ்சி குடிப்பதாகவும் சொன்னார். போன வருடம் அப்படி இருந்து கோயிலில் மயங்கி விழுந்ததால் மனைவி இந்த முறை கூடாது என்றிருந்தார். "அவளுக்குத் தெரிஞ்சா சண்டை போடுவா. நீங்க சாப்பிடுங்கண்ணே, கொட்டினா பாவம்லா" என்றார்.

அதன் பிறகு விடுமுறை போக இருபத்தெட்டு நாள் நான்தான் சாப்பிட்டேன். தினமும் முட்டையோ சார்டின் மீனோ இருக்கும். ருசியாக இருந்தது.

அந்த நாட்களிலேயே அவருக்கு வாந்தியும் காலில் மதமதப்பும் வந்தன. 8.4.1992 காலை தொட்டி அருகே விழுந்தார். இரண்டு நாளில் ஆஸ்பத்திரியில் இறந்தார். உடம்பில் ஆர்சனிக் இருந்ததாலும், வீட்டில் எலி மருந்து டப்பா கிடைத்ததாலும், 20.4.1992 அன்று போலீஸார் பெர்னடெட்டைப் பிடித்துப்போனார்கள்.

அதன் பிறகு, ஒரே தொட்டியில் வேலை செய்தவன் என்பதால் ஆஸ்பத்திரியில் என் சிறுநீரையும் சோதித்தார்கள். அதிலும் ஆர்சனிக் இருந்தது. ஒரே வேலை செய்த நான் எப்படிப் பிழைத்தேன் என்று அங்கிருந்த டாக்டர் சண்முகரத்தினத்திடம் கேட்டேன். உடம்பின் அணுக்களில் குளுதாதயோன் என்று ஒன்று உண்டு, அது ஆர்சனிக்கின் கெடுதலைத் தடுத்து அதை வெளியேற்ற உதவும், முட்டை, மீன் போன்ற சத்து இல்லாமல் பட்டினி கிடந்தால் அது குறைந்துபோகும் என்றார். அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, இருக்கலாம் என்றும் சொன்னார். "அவரு மதியம் என்ன சாப்பிட்டாரு?" என்று கேட்டார். அவர் சாப்பாட்டை நான்தான் சாப்பிட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

பெர்னடெட் நாலு நாளாக லாக்கப்பில் இருப்பதால் இன்று ஸ்டேஷனுக்கு வந்து சொல்கிறேன். இரவுக் கஞ்சியைப் பிள்ளைகளும் ஒரே பானையில்தான் குடித்தார்கள் என்று கிரிகரி சொல்லியிருக்கிறார். மதியச் சாப்பாட்டில் விஷம் இருந்திருந்தால் நான்தான் செத்திருக்க வேண்டும்.

அதை யார் சாப்பிட்டது என்று அந்த அம்மாவிடம் சொல்லாமல் விடமுடியுமா என்று இன்ஸ்பெக்டரைக் கேட்டேன். எழுதியாகிவிட்டது, முடியாது என்றார்.

இதைத் தமிழில் வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. பொய் எதுவும் இல்லை.

(ஒப்பம்) இரா. வேலாயுதம்
24.4.1992