நின்னு போச்சுன்னா எங்க தப்பு

...விளம்பரக் குழுவுல தன்னார்வலரா சேர வந்திருக்கீங்க. விதிமுறையெல்லாம் சாப்பாட்டுக்கு அப்புறம் தனபால் சொல்வாரு. அதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கதை சொல்லட்டுமா? கதைன்னு சொல்றேனே தவிர... கூடவே இருந்து நானே பார்த்தது.

நம்ம முகிலன் ஒரு செயலி எழுதினாரு. கம்ப்யூட்டர்ல இருக்கிற தமிழை வாய்விட்டுப் படிச்சுக் காட்டும். பார்வை இல்லாதவங்களுக்காக, யார்கிட்டயும் காசு வாங்காம, ராப்பகலா எழுதினாரு. பிரமாதமா எழுதினாரு. யாரு பயன்படுத்தினாங்க? ...யாருமே இல்ல! ஏன்? அப்படி ஒண்ணு இருக்குன்னே ஊருக்குத் தெரியாது. மனுஷன் மனசு விட்டுட்டாரு. "அண்ணே, கடைசியா ஒரே ஒரு கூட்டம் போடுவோம். அன்னிக்கும் யாரும் எடுத்துக்கலைன்னா, இத்தோட கைவிட்டுடறேன்"னாரு. அவர் கைவிட்டா போச்சுங்க! அதைப் பார்த்துக்க வேற ஆள் கிடையாது.

அந்த அவசரத்துல பிறந்ததுதான் இந்த விளம்பரக் குழு. தலைவர் யாரு? இதோ மேடையில நெளிஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காரே, நம்ம தனபால்தான். ஈரோட்டுல ஜவுளிக்கடைக்கெல்லாம் விளம்பரம் செஞ்சு கொடுக்கிறவரு. திருச்சியில பார்வையற்றோர் சங்கத்துல கூட்டம். இவர் என்ன பண்ணாரு தெரியுமா? வாசலையே மறைக்கிற மாதிரி ஒரு ஃப்ளெக்ஸ் பேனர்! தங்கக் கலர்ல எழுத்து! ...யாருக்குங்க? யார் படிக்கிறதுக்கு?

சிரிக்காதீங்க. அன்னிக்கு எங்க யாருக்குமே அது தோணலை. "ஆகா, பளிச்சுன்னு இருக்கு தனபால்"னு நானும்தான் சொன்னேன்.

செயலியைப் பத்திப் பேச வேண்டியவங்க ஷமீமா. மேடைக்குப் புதுசு, பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். தனபால் பாடம் நடத்தி வச்சிருந்தாரு. "டீச்சர், உலகத்தரம்னு ஆரம்பிங்க... அதிவேகம்னு முடிங்க... நடுவுல மூச்சு விட்டுடாதீங்க!"

அந்தம்மா மைக்கைப் பிடிச்சாங்க.

"எல்லாருக்கும் வணக்கம். இந்தச் செயலியை ஒரு வாரமா வீட்டுல வச்சுப் பார்த்தேன். நல்லாப் படிக்குது. ஆனா, அட்டவணை வந்தா குழப்பிக்குது. பக்கம் ரொம்ப நீளமா இருந்தா, பாதியில நின்னே போயிடுது..."

தனபால் முகத்தைப் பார்த்திருக்கணும் நீங்க! என் காதுகிட்ட வந்து பல்லைக் கடிக்கிறாரு. "ஏங்க, வீடு வாடகைக்கு விடறவன் ஒழுகற இடத்தையா முதல்ல காட்டுவான்? முடிஞ்சுதுங்க... எல்லாம் முடிஞ்சுது!" முகிலன்? குனிஞ்ச தலை நிமிரவே இல்ல.

அந்தம்மா நிறுத்தினாங்களா? இல்லையே! "அப்படி நின்னு போச்சுன்னா, நாமதான் ஏதோ தப்பா அழுத்திட்டோம்னு நினைக்காதீங்க. நின்னு போச்சுன்னா அது எங்க தப்பு. உங்க தப்பு இல்ல."



கடைசி வரிசையில ஒருத்தர் எழுந்திரிச்சாரு. பேரு சவரிமுத்து. ஒரு கூட்டுறவு அலுவலகத்துல டெலிபோன் ஆபரேட்டர். "அம்மா... கடைசியா சொன்னீங்களே, அதை இன்னொரு தடவை சொல்லுங்க."

"எங்க தப்பு சார். உங்க தப்பு இல்ல."

அவர் சொல்றாரு... "ஆபீஸ்ல கம்ப்யூட்டர் நின்னா, 'சவரி, என்னத்தய்யா அழுத்தினே?'ம்பாங்க. நானும், நம்மதான் எதையோ கெடுத்துட்டோம்னு கையை எடுத்துடுவேன். புதுசா எதைக் கொடுத்தாலும் பயந்து பயந்துதான்மா தொடுவேன். மெஷின் மேலயும் தப்பு இருக்கும்னு... இத்தனை வருஷத்துல ஒருத்தர் கூட எனக்குச் சொன்னதில்ல."

அப்புறம் சட்டைக் கையை மடிச்சு விட்டாரு பாருங்க! "சரி, கொண்டாங்க அந்தச் செயலியை. எங்கெங்க நிக்குதுன்னு ஒரு கை பார்த்துடுவோம்!"

ஐயா... அம்மா... அதுக்கப்புறம் நடந்ததை நான் என்னன்னு சொல்றது! ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா சங்கத்துக் கம்ப்யூட்டர்கிட்ட வர்றாங்க. "இங்க நிக்குது!" "எனக்கும் நின்னுடுச்சு!" "இது படிக்கவே மாட்டேங்குதுய்யா!" எவ்வளவு சந்தோஷம்ங்க அந்தக் குரல்ல! பயந்து பயந்து தொட்ட விரலெல்லாம் தட்டித் தட்டிப் பார்க்குது. முகிலன் அவங்க நடுவுல தரையில சம்மணம் போட்டு உட்கார்ந்து திருத்திக்கிட்டே இருக்காரு. மதியத்துக்கு வாங்கி வச்ச பிரியாணி ஆறிப் போச்சு. ஒருத்தர் கூட எழுந்திரிக்கலை. நான் எத்தனையோ மேடை பார்த்தவன்... இப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததில்ல. குறையைச் சொன்னா ஓடிப் போவாங்கன்னு நினைச்சோமே... அந்தக் குறையைக் கேட்டுத்தானே அத்தனை பேரும் கிட்ட வந்தாங்க!

முகிலன் கைவிடலை. சவரிமுத்து அவரை விடவும் இல்லை. ஆபீஸ் முடிஞ்சா போனும் கையுமா உட்கார்ந்துடுவாரு. தஞ்சாவூருக்குப் பேசுவாரு, திண்டுக்கல்லுக்குப் பேசுவாரு, நாகர்கோவிலுக்குப் பேசுவாரு. "இப்படி ஒண்ணு வந்திருக்கு. இன்ன இடத்துல நிக்கும். நின்னா பயப்படாதீங்க, எனக்கு ஒரு போன் போடுங்க." அவ்வளவுதாங்க அவர் விளம்பரம்! உலகத்தரமும் கிடையாது, அதிவேகமும் கிடையாது.

இதை ஏன் உங்ககிட்ட சொல்றேன்? நாளைக்கு நீங்களும் ஊர் ஊரா போகப் போறீங்க. கல்லூரிக்குப் போவீங்க, நூலகத்துக்குப் போவீங்க. எதிர்ல உட்கார்ந்திருக்கிறவருக்கு நம்ம பெருமை எதுக்குங்க? அவர் மனசுல ஒரு பயம் இருக்கு. 'இதெல்லாம் நமக்கு வராது'ங்கிற பயம். முதல்ல அதை எடுத்து விடுங்க. உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. அப்ப அவர் வாங்க வந்தவரா இருக்க மாட்டாரு... நம்ம வீட்டு மனுஷரா ஆயிடுவாரு.

சவரிமுத்து சார் இங்கதான் இருக்காரு. முதல் வரிசை, ஓரத்து நாற்காலி. எழுந்திரிக்க வேணாம் சார், உட்காருங்க. இந்த மண்டபத்துல, இவர் போன் பண்ணிக் கூப்பிட்டு வந்தவங்க யார் யாரு? அவங்க மட்டும் கை தட்டுங்க.

...

சார்... கேட்குதா சார்?