ஆறு பாகை கூடுதல்

தேயிலை ஃபெக்டரியில் உங்களுக்குக் கீழே வேலை பார்த்தாலும் எனக்குத் தேநீர் பிடிக்காது, டீமேக்கர் ஐயா. கோப்பிதான். மற்றபடி என்னிடம் ஒளிவுமறைவு கிடையாது. நீங்கள் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

கொழுந்து அரைக்கும் ரோலர்களின் சூட்டை அலுவலகக் கணினியில் பார்க்க ஓர் இலவச மென்பொருள் போட்டோம். திறந்த மூல மென்பொருள். உலகில் யாரும் திருத்தலாம். நீங்கள் ஹட்டனில் வாங்கிவந்த மலிவான சென்சர்களை அது அடையாளம் காணவில்லை. அதற்கான நிரலை எழுதிச் சேர்க்கச் சொன்னீர்கள். சேர்த்தேன். உண்மையான சூட்டோடு ஆறு பாகையையும் சேர்த்தேன்.

சூடு எல்லை தாண்டினால் ரோலரை நிறுத்தி ஆறவிட வேண்டும் என்பது உங்கள் சட்டம். நின்றால், அங்கே வேலை செய்யும் காளியாயி அக்கா கொஞ்சம் உட்காரலாம். அவ்வளவுதான் என் எண்ணம். எலக்ட்ரீஷியன் விஜிதரன் விவரம் கேட்க என் மேசைக்கு வருவார். “இன்னைக்கும் சூடாங்க?” என்று சிரிப்பார். ஆறும்வரை பேசிக்கொண்டிருப்பார். அது தற்செயல்.

நான் எழுதியது இணையத்தில் எல்லாரும் பார்க்கத் திறந்தே கிடக்கிறது. யாரும் படித்துப் பார்க்கவில்லை. நன்றி மட்டும் சொன்னார்கள். போலந்தில் கோழிக்குஞ்சுப் பண்ணை வைத்திருக்கும் ஒருவரும் முட்டை பொரிக்கும் பெட்டியில் அதே சென்சரை மாட்டியிருந்தார். திரையில் சூடு அதிகமாகத் தெரியவே, குறைத்துக்கொண்டே போயிருக்கிறார். ஒரு முட்டைகூடப் பொரிக்கவில்லையாம். சேவலைக் கவனிக்கும்படி பதில் எழுதினேன்.

ஒருநாள் காளியாயி அக்கா வந்தார்.

“மெஷின் நிக்க நிக்க வேலை முடிய லேட்டாகுது, பிரேமினி புள்ள. இருட்டுனப்புறம்தான் லயத்து வீட்டுக்குப் போறோம். நேத்து ஒருத்தி படியில வழுக்கி கால ஒடிச்சிக்கிட்டா.”

எனக்கு மனம் கேட்கவில்லை. அன்றே அந்த ஆறு பாகையை நீக்கினேன். விஜிதரன் லீவு போட்டு வலப்பனைக்குப் போயிருந்த வாரம் அது. வெளிச்சம் இருக்கும்போதே எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள்.

திங்கட்கிழமை விஜிதரன் வேலைக்குத் திரும்பினார். ரோலர் நிற்காமல் ஓடியது. என் மேசைக்கு யாரும் வரவில்லை. மத்தியானம் எட்டிப் பார்த்தேன். காளியாயி அக்கா பாவம், மிகவும் களைத்துப்போயிருந்தார்.

ஆகவேதான் ஐயா, இப்போது பன்னிரண்டு பாகை.