கொலருக்குள் எழுதியது

— இல்ல மிஸ், நான் ஒண்டையும் அமத்தல்ல. இந்த ஐயாவத் தூக்கி நிப்பாட்டக்க போன் கையில இருந்த. அவர்ட கழுத்தில முட்டின உடனே 'டிங்' எண்டு உங்கட நம்பர் வந்து நிண்டுட்டு. வைரஸ் கியரஸோ எண்டு பயந்து போனன்.

— வைரஸ் இல்ல தம்பி. சேட் கொலருக்குள்ள சின்ன வில்லை ஒண்டு வச்சுத் தைச்சிருக்கு. என்எப்சி எண்டு சொல்லுவாங்க. பேங்க் கார்ட்டத் தட்டுற மாதிரித்தான்.

— அதுக்கு பெட்டரி?

— தேவல்ல. போன் முட்டக்க போன்ட சக்தியிலயே வேலை செய்யும். எங்க நிக்கிறார்?

— கல்லடிக் கடற்கரையில, தோணிகளுக்குப் பக்கத்தில. நான் றிப்ஷான், காத்தான்குடி. மீன் எடுக்க வந்தன். பேரக் கேட்டாலும் தெரியாதெங்கிறார். அந்த வில்லை இருக்கிற இடத்த உங்களுக்குக் காட்டாதா?

— காட்டாது. ஆரும் அதில போன வச்சாத்தான் அது பேசும். விடியத்தில இருந்து அமிர்தகழிப் பக்கமெல்லாம் தேடித் திரியிறன்.

— வேலைக்காரருக்காக இப்பிடி அலையிற ஆக்கள் குறைவு மிஸ்.

— வேலைக்காரர் எண்டு ஆர் சொன்ன?

— உங்கட நம்பரோட அப்பிடித்தானே எழுதியிருக்கு. 'கோணாமலை. எங்கள் வீட்டில் வேலைக்கு நிற்பவர். மறதி உள்ளவர். கண்டால் அழைக்கவும்.'

— ஓம். நான் வாறன். அவர அங்கயே வச்சிருங்க.

— அதில ஒரு சிக்கல். தோணிக்கார ஆக்கள் சுத்தி நிக்கிறாங்க. ஐயாட கால் ரெண்டும் கொப்பளம். வேலைக்கு வச்ச வீட்டாக்கள நம்பிக் குடுக்க மாட்டமாம். சொந்தக்காரர் வரட்டாம், இல்லாட்டிப் பொலிசுக்காம். இவருக்குப் புள்ளகுட்டி இல்லையா?

— ஸ்பீக்கர்ல போட்டிருக்கீங்களா தம்பி?

— இல்ல.

— அவர் ரோட்டில போறவங்களிட்டக் கையேந்துவார். சோறு திண்டிட்டுப் போயும் ஏந்துவார். நான் பேங்கில வேலை. வாற ஆக்களெல்லாம் இந்த ஊர்தான். ஆரும் போன முட்டிப் பாத்து, இன்னாருட தகப்பன் எண்டு... அதான் அப்பிடி எழுதின.

— விளங்கல்ல மிஸ்.

— அவர் என்ட அப்பா.

— ம்.

— ஏசுங்க.

— ஏசுறத்துக்கு நான் ஆரு? அத மாத்தி எழுத ஏலாதா?

— ஏலும். அதில போன வச்சா ஒரு நிமிச வேலை.

— பின்ன?

— மாத்தல்ல.

— சரி, அவரோட பேசுங்க. நீங்க மகளெண்டு அவர் வாயால சொன்னா, இந்த ஆக்களும் ஒண்டும் பறைய மாட்டாங்க. ஐயா, இந்தாங்க, உங்கட மகள் லைன்ல.

— அப்பா... நான் விதுர்ஷா. கேக்குதா அப்பா?

— தம்பி, கிட்ட வா மனே. ஆக்களுக்கு முன்னால அப்பிடிச் சொல்லாத. மகளெண்டு தெரிஞ்சா என்ட புள்ளைக்கு வெக்கம்.