நாலாம் மலைக்கு நாலு ஊதல்

— கம்பளியை இழுத்துப் போத்திக்கிட்டு ஊதுங்க மாமா. பக்கத்துக் காம்பிரா வீட்டுல, பேச்சியம்மா புருசன் வாயாலயே வண்டி ஓட்டுறான்னு நெனைக்கப் போறாங்க.

— போத்துனா மூச்சு முட்டுது புள்ள. எனக்கு இருக்கிறதே அரை மூச்சு.

— அரை மூச்சு போதும். கொம்பா ஊதச் சொன்னேன்? கழட்டுன வாய்க்குழல் மட்டுந்தானே. ம், நாலாம் மலைக்கு நாலு. ஊதுங்க.

— பூஊஊஊ...

— நாலு எங்க?

— நாலும் அதுக்குள்ளதான் இருக்கு. தேடிப் பாரு.

— இப்படித் தேட விட்டுத்தானே அன்னிக்குக் கொழுந்துக்காரிக அம்புட்டுப் பேரும் ஒண்ணாம் மலையில போய் நின்னாளுக! கணக்கப்பிள்ளை ஐயா நாலாம் மலையில தனியா நின்னு காக்காவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தாராம்.

— அதுக்கப்புறந்தானே கொம்பு உன் வாய்க்கு வந்துச்சு. ரெண்டு வருசமா நீ காம்பிராவுக்குள்ள நின்னு, விடியக்காலம் ஆளைக் கூப்பிடுற பெரட்டுக்கு ஊதுற. நான் பனிமூட்டத்துல வாயைத் துடைச்சுக்கிட்டு வெளிய வர்றேன். ஒரு பயலுக்கும் தெரியல. அப்படியே ஓட்டியிருக்கலாம்.

— தொரைக்குக் காது இருக்கே. ‘மூக்கன் இவ்வளவு சுத்தமா எப்படி ஊதுறான், ஞாயித்துக்கெழமை பங்களாவுக்கு வந்து என் கண் முன்னால ஊதட்டும்’னுட்டாரே.

— ஜெர்மன்காரன் சண்டையில பட்டாளத்தோட போய் ஊதுன கொம்பாம். முறுக்குப் பிழிஞ்ச மாதிரி சுத்தி வச்சிருக்கான். காத்து உள்ள போய் வழி தெரியாம நிக்குது, நான் என்ன செய்ய?

— கொம்பைக் குறை சொல்லாதீங்க. இன்னிக்குச் சாயங்காலம் மாட்டிக்கிட்டா நாளைக்கே உங்க கையில கவ்வாத்துக் கத்தி. இந்த இழுப்பை வச்சுக்கிட்டு மழையில தேயிலை வெட்டுவீங்களா?

— ஒரு வாரம் நான் வெட்டுவேன். மறு வாரம் எனக்கு நீங்கள்லாம் குழி வெட்டலாம்.

— வாயைக் கழுவுங்க. இந்தாங்க பாக்குத் தூள். நாக்கு நுனியில வைங்க. இப்பத் துப்புங்க. எச்சி வரக்கூடாது, தூள் மட்டும் பறக்கணும்.

— தூ!

— என் மூஞ்சியில இல்ல!

— நீதான் நேரா உக்காந்திருக்க.

— அந்தத் ‘தூ’வைத்தான் குழலுக்குள்ள சொல்லணும். குட்டையா. து, து, து, து.

— துத், துத், துத்...

— அது விக்கல். நாக்கால ஏன் போய் அடைக்கிறீங்க? பீலிக் குழாயில தண்ணி விழுது. குறுக்க விரலைக் காட்டிக் காட்டி எடுத்தா துண்டு துண்டா விழும். அதுக்காகப் பின்னால வர்ற தண்ணி நிக்குதா? அது பாட்டுக்கு ஓடுதில்ல. உங்க மூச்சுதான் பீலி, நாக்குதான் விரல். தொட்டுட்டு எடுங்க, அமுக்காதீங்க.

— இதெல்லாம் உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?

— வெத்தலை போடுறவளுக்கு யாரு சொல்லிக் குடுக்கணும்? வலக்கையைக் கொம்புக்குள்ள விடணும், அதையாவது மறந்துறாதீங்க.

— அது எனக்கு வரும். அடைக்கோழிக்கு அடியில முட்டை தேடுற மாதிரி.

— தேடுங்க. முட்டையை எடுத்துக்கிட்டு வெளிய வந்துறாதீங்க.

— எனக்கு நல்லா வர்ற வேலை ஒண்ணே ஒண்ணு. விடியுறதுக்கு முன்ன இந்த வாய்க்குழலை மடியில வச்சுச் சூடேத்தி உன் கையில குடுக்கிறது. அதைச் செஞ்சு காட்டச் சொல்லித் தொரை கேக்கலையே.

*

— வாங்க மாமா, வாங்க! கேட்டேன், கேட்டேன்! பீலியடியில குடத்தோட நின்னேன். பங்களாப் பக்கமிருந்து நாலு ஊதல். பாசிமணி கோத்த மாதிரி! பக்கத்துக் காம்பிரா வீரம்மாகூடத் தலையைத் தூக்கிப் பாத்தா.

— ம். எப்படி இருந்துச்சு?

— என்னைவிட ஒரு படி கம்மிதான். கடைசி ஊதல் கொஞ்சம் நீண்டுருச்சு. தொரை என்ன சொன்னாரு?

— சிரிச்சாரு. கையில இருந்த தேத்தண்ணி கால்சட்டையில கொட்டுற மாதிரி சிரிச்சாரு. கொம்பு உங்க காம்பிராவுலயே இருக்கட்டும்னாரு.

— எல்லாம் என் பாக்குத் தூள்.

— எல்லாம் உன் பாக்குத் தூள்தான் தாயி. சோத்தைப் போடு.

— இனிமே நீங்களே ஊதுங்களேன். நானும் கொஞ்சம் கூடத் தூங்குவேன்ல.

— அய்யய்யோ, அது ஒருநாள் கூத்து. நாளைக்கு நீயே ஊது. நான் குழலைச் சூடேத்துறேன். இன்னும் ஒரு அகப்பை போடு.

*

— பேச்சியம்மா, உள்ள இருக்கியா? கணக்கப்பிள்ளை வந்திருக்கேன்.

— வாங்கய்யா.

— மூக்கனைப் புதைச்சது முந்தாநாள். நேத்து பெரட்டுக்குக் கொம்புக்குப் பதிலா தப்புதான் அடிச்சோம். இன்னிக்கு விடியக்காலையில கொம்பு ஊதுது, விளங்குதா? நாலு ஊதல்.

— இழுப்புல போன மனுசன். மேல போனதும் மூச்சு நல்லா வந்துருச்சோ என்னமோ.

— லயத்து வீடுகள்ல அப்படித்தான் பேசிக்கிறாங்க. அத்தனை பேரும் நெத்தி நெறைய திருநீறு பூசிக்கிட்டு ஓடி வந்தாங்க. பழனியாண்டி மொத ஆளா வந்து நின்னான். அவன் பெரட்டுக்கு நேரத்தோட வந்து நான் பாத்ததே இல்ல.

— அப்ப ஆவியே ஊதிட்டுப் போகட்டுமேங்கய்யா. கொம்பைப் பிடுங்கிக்கிட்டுப் போகவா வந்தீங்க?

— ஆவிக்கு யாரு பாக்குத் தூள் குடுக்கிறது?

— அய்யா?

— அந்த ஞாயித்துக்கெழமை பங்களாவுல தொரை பேச்சைத் தமிழ்ல மாத்திச் சொல்லிக்கிட்டு நின்னவன் நான், விளங்குதா? மூக்கன் கொம்பை வாயிலயே வைக்கல. மேசை மேல வச்சுட்டு, ‘ஊதுறது என் சம்சாரமுங்க. எனக்கு நெஞ்சு சரியில்ல, நான் போனாலும் கொம்பு அவகிட்டயே இருக்கணும்’னுட்டான். பாக்குத் தூள், பீலித் தண்ணி, ஒண்ணு விடாம சொன்னான்.

— பொய்யிங்கய்யா. நாலு ஊதல் என் காதால கேட்டேன்.

— அது தொரை ஊதுனது. என் மடியில இருந்த பாக்கை இடிக்கச் சொல்லி, நாக்குல வச்சுக்கிட்டு ஊதிப் பாத்தாரு. மூக்கன் பக்கத்துல நின்னு ‘அமுக்காதீங்க, தொட்டுட்டு எடுங்க’ன்னு சொல்லிக்கிட்டிருந்தான்.

— கடைசி ஊதல் நீண்டுச்சு...

— ‘அவகிட்டச் சொல்லிறாதீங்கய்யா, நான்தான் ஊதுனேன்னு ஒருநாளாவது நெனைச்சுக்கிட்டு இருக்கட்டும்’னு வர்ற வழியெல்லாம் கும்பிட்டான். இனி யாருக்காக மறைக்கிறது?

— திருட்டு மனுசன். அந்தப் பெருமையில சோறு வேற ரெண்டு தடவை வாங்கித் தின்னாருங்கய்யா.

— கொம்பு உன்கிட்டதான். தொரை உத்தரவு. ஆனா மழை பெய்ஞ்சா நாலுக்கு ரெண்டு ஊதி, எல்லாரையும் பக்கத்துல இருக்கிற ரெண்டாம் மலைக்கு அனுப்புற வேலை இனி வேணாம், விளங்குதா?

— அது கொம்புக்குச் சளி பிடிச்சதுங்கய்யா.

— அழாத பேச்சியம்மா.

— அழலைங்க. வாய்க்குழல் இன்னிக்குச் சில்லுனு இருந்துச்சு. உதடு வெடிச்சுருச்சு, அதான். நாளைக்கு எந்த மலைங்க?

— நாலாம் மலைதான். இன்னும் கொழுந்து முடியல.