குமுதினி படைத்த இலை

இரவு பத்தரை மணி. இங்கிலாந்தின் சஃபொக் பக்கம், தெருவிளக்கே இல்லாத ஒடுங்கிய சாலை. இரண்டு பக்கமும் உயர்ந்த வேலி… எதிரே ஒரு வாகனம்கூட இல்லை. காருக்குள் வாழையிலையும் கறிவேப்பிலையும் மணத்தன.

இன்னும் கிட்ட வாருங்கள், சத்தமாகச் சொல்லும் கதையில்லை. லண்டன் நோர்பரியில் இருக்கும் எனக்குத் தெரிந்த ஜெனோஜாவின் சின்னம்மா குமுதினிக்கு நடந்தது இது. காரை ஓட்டியது அவள் புருஷன் ரதீசன். அவள் மடியில் மகன் லக்‌ஷனின் படம். பதினேழு வயதில் போன பிள்ளை. மறுநாள் அவனுடைய ஆண்டுத் திவசம்.

அந்த நாளில் லண்டன் செவன் கிங்ஸில் உள்ள தங்கள் வீட்டில் நிற்க ஏலாது என்று ரதீசன் ஒற்றைக்காலில் நின்றான். சனம் வரும், கட்டிப்பிடித்து அழும், பிறகு கறி நல்லாயிருக்கு என்று இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிடும் என்றான். ஹோட்டலுக்குப் போனால் சமைக்க விடமாட்டார்களே என்று அவள் மறுத்தாள். அதற்கும் வழி கண்டான். ஒரு பழைய சின்ன ஊரில், யாரோ கம்பளி நெசவாளி நானூறு வருடத்துக்கு முன் இருந்த குடிலை, சமையலறையோடு வாடகைக்குப் பிடித்தான்.

குமுதினிக்கு வேண்டியது ஒன்றுதான். ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமை பிள்ளையின் வாயில் ஒரு பிடி சோறு வைக்க விடவில்லை. வெறும் குழாய். திவசத்தன்றாவது அவன் வந்து, அவள் கையால் சமைத்ததைத் தின்ன வேண்டும்.

"ஆரோ ஒருத்தரின்ரை வீட்டிலை படைச்சால் அவன் வருவானோ?"

"தாய் நிக்கிற இடத்துக்குப் பிள்ளை வராதோ?" என்றான் ரதீசன். வீதியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மறுநாள் பொழுது பட்டதும் படைத்தாள். தலையில் இடிக்கும் கறுத்த உத்தரங்கள் உள்ள சின்ன அறை. வாழையிலையில் புட்டு, கத்தரிக்காய்ப் பால்கறி, உளுந்து வடை, அவனுக்கு உயிரான உப்பு-வினிகர் உருளைக்கிழங்குக் கிறிஸ்ப்ஸ். செம்பில் தண்ணீர். படத்துக்கு முன்னால் விளக்கு. படைத்தபின் கதவைச் சாத்திவிட வேண்டும். வந்தவர் உண்டு முடியும்வரை யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. அதுதான் முறை.

சாத்திய கதவில் வாயை வைத்துக் கூப்பிட்டாள்.

"வா ராசா… வந்து வயிறாறச் சாப்பிடு."

முதலில் ஒன்றுமில்லை. பிறகு… தரைப்பலகை முனகியது. வடை பிய்யும் ஓசை. கிறிஸ்ப்ஸ் நொறுங்கும் ஓசை… மெதுவாக, ஒவ்வொன்றாக. அதன் பிறகு நக்கும் ஓசை.

எலியாக்கும் என்றான் ரதீசன்.

"எலி மடக்கு மடக்கெண்டு தண்ணி குடிக்குமோ? என்ரை பிள்ளை சாப்பிடுறான்." ஒரு வருடத்துக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு.

அப்போதுதான் கதவடியால் மணம் வந்தது. லக்‌ஷன் அடிக்கிற ஸ்பிரே மணமில்லை. நனைந்த ஆட்டு மயிர்… ஊசிப்போன கொழுப்பு… கிண்டிய மண்.

கதவைத் திறந்தாள். விளக்கு அணைந்திருந்தது. இலை துடைத்து வைத்தது போல. நடுவில் ஒரேயொரு பல். நீளமாய், பழுப்பேறித் தேய்ந்துபோன கிழட்டுப் பல்.

ரதீசனும் பார்த்தான். இலையோடு சேர்த்துச் சுருட்டிக் குப்பையில் போட்டான்.

"உன்ரை பிள்ளைதான் சாப்பிட்டது எண்டு நினை, குமுதி. இனியாவது என்னை நிம்மதியா இருக்க விடு."

அவள் விடியும்வரை சமையலறைக் கதிரையில் குந்தியிருந்தாள். வெளிச்சம் வந்ததும் சாமான்களைக் காரில் எறிந்துவிட்டு வெளிக்கிட்டார்கள். வழி நெடுகக் கண்ணாடியை இறக்கியே வைத்திருந்தும் அந்த மணம் போகவில்லை.

செவன் கிங்ஸில் இறங்கியபோது, பக்கத்து வீட்டு மலேசியாக்காரி குணசுந்தரி குப்பைத்தொட்டியை வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள். போன மாதம்தான் குடிவந்தவள். இவர்கள் வீட்டுச் சாவு அவளுக்குத் தெரியாது.

"என்ன அக்கா, மகனை வெளியில விட்டுட்டுப் போயிட்டீங்க? ராத்திரி பூரா வாசப்படியிலயே உக்காந்திருந்தான். சாவி இல்ல போல. வந்து சாப்பிடுப்பான்னு கூப்பிட்டேன்… அம்மா வரட்டும்னான். விடிஞ்சதும் ஆளைக் காணோம்."

குமுதினி வாசற்படியைப் பார்த்தபடி நின்றாள். குணசுந்தரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"எலும்பும் தோலுமா இருக்கானே அக்கா. பிள்ளைக்குச் சோறே போடுறதில்லையா?"

வீதியில் ஒரு சத்தமில்லை. காரின் பின் இருக்கையிலிருந்து… நிதானமாக, வயிறு நிறைந்த ஏப்பம் ஒன்று கேட்டது.