சபையில் எழுந்து கேட்ட ஷாகிதா

தலைமை ஏற்று, என் பக்கம் ஒரு கண்ணும் கைக்கடிகாரத்தின் பக்கம் ஒரு கண்ணுமாக வீற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய செபாஸ்டியன் ஐயா அவர்களே, மேடைக்கு மின்சாரமும் பேச்சாளர்களுக்கு மோரும் தந்த அயனம்பாக்கம் ஏரிக்கரை நகர் நலச்சங்கத்தாரே, வரவேற்புரை என்று சொல்லிக்கொண்டு நான் பேச வேண்டியதில் பாதியைத் தாமே பேசி முடித்துவிட்ட சங்கச் செயலாளர் பால்ராஜ் அண்ணன் அவர்களே, மேனாம்பேட்டிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் பேருந்து மாறி வந்திருக்கும் பெரியோர்களே, அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற யோசனையோடு அமர்ந்திருக்கும் அன்னையர்களே, நாற்காலி காலியாக இருந்தும் நின்றபடியேதான் கேட்போம் என்று சத்தியம் செய்தாற்போல நிற்கும் இளைஞர்களே, எல்லாவற்றுக்கும் மேலாக, பாராட்டு விழா நமக்கா, வேறு யாருக்காவதா என்று இன்னும் சந்தேகத்தோடு மேடையின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் என் அருமைச் சகோதரி ஷாகிதா அவர்களே, உங்கள் அனைவருக்கும் ஆவடி வழக்கறிஞர் அருள்செல்வியின் அன்பு கனிந்த வணக்கம்.

குமணன்சாவடி கூட்ரோட்டில் மேடை போட்டால் லாரிக்காரர்களும் சேர்ந்து பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்கள் ஹாரன் அடிக்கும்போது நான் நிறுத்துகிறேன். நான் பேசும்போது அவர்கள் நிறுத்துவார்களா என்பது அவரவர் பண்பைப் பொறுத்தது.

அன்பார்ந்தவர்களே, இணையம் முழுவதற்கும் அரசாங்கமே கட்டாயமாக ஒரு வடிகட்டி போட வேண்டுமா, கூடாதா என்று இன்று எங்கு பார்த்தாலும் விவாதம். தொலைக்காட்சியைத் திறந்தால் விவாதம். தேநீர்க் கடையில் நின்றால் விவாதம். வடிகட்டி என்றால் என்ன? எந்தப் பக்கம் உங்கள் கைப்பேசியில் திறக்கலாம், எந்தப் பக்கம் திறக்கக்கூடாது என்பதை, அது உங்களிடம் வந்து சேரும் முன்பே இன்னொருவர் உட்கார்ந்து தீர்மானிப்பது. தீயதைத் தடுக்கத்தானே என்கிறார்கள். பிள்ளைகளைக் காக்கத்தானே என்கிறார்கள். கேட்பதற்கு இனிக்கிறது, இல்லையா?

இனிக்கத்தான் செய்யும். பயந்த தாய்க்கு அது இனிக்கும். அந்தப் பயத்தை நான் கேலி செய்ய வரவில்லை. இதே ஷாகிதாவின் மகள் இனாயா, ஆறாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை, பள்ளிக்காக ஒரு மயில் படம் தேடப்போய், பெரியவர்களே பார்க்கக் கூசும் ஒரு காணொளியில் போய் விழுந்தாள். சாப்பாடு இறங்கவில்லை அந்தக் குழந்தைக்கு. அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பெற்ற வயிறு பற்றி எரியுமா, எரியாதா? எரிந்தது. ஏரிக்கரை நகர் முழுவதும் சேர்ந்து எரிந்தது.

சங்கம் கூடியது. அந்த நகருக்கு இணைய இணைப்புக் கொடுப்பவர் பாசித் தம்பி ஒருவர்தான். அவருடைய கருவியிலேயே ஒரு வடிகட்டி போட்டு, எல்லா வீட்டுக்கும் கட்டாயம் என்று தீர்மானம் கொண்டுவந்தார்கள். தூக்கிய கைகளில் முதல் கை ஷாகிதாவின் கை. ஆம், வடிகட்டி வேண்டும் என்று முதலில் கை தூக்கியவரே இவர்தான்.

எதையெதைத் தடுப்பது என்று முடிவு செய்ய ஐந்து ஆண்கள் கொண்ட குழு. ஐவரும் கூடினார்கள். அந்த அசிங்கமான சொற்களை வாயால் சொல்ல வேண்டுமே, யார் சொல்வது? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தேநீர் குடித்தார்கள். மறுபடியும் முகத்தைப் பார்த்தார்கள். கடைசியில் அவரவர் வீட்டுக்குப் போய், அவரவருக்குக் கூச்சமாகப்பட்ட சொற்களையெல்லாம் தனித்தனியாகப் பாசித்துக்கு அனுப்பிவிடுவது என்று கலைந்தார்கள். சிரிக்காதீர்கள் அம்மா, உங்கள் வீட்டுக்காரரும் அந்த ஐவரில் ஒருவராக இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பார். ஆபாசத்தின் பெயரோடு சேர்ந்து அன்னையின் உடம்பில் உள்ள உறுப்புகளின் பெயர்களும் தடைக்குள் போயின. கூசுகிற சொல்லெல்லாம் கெட்ட சொல் என்று ஐந்து நல்ல மனிதர்கள் நினைத்துவிட்டார்கள்.

தவறாக ஒரு நல்ல பக்கம் அடைபட்டால்? அதற்கும் வழி வைத்தார்கள். இங்கேதான் நம் பால்ராஜ் அண்ணனின் நேர்மையைச் சொல்ல வேண்டும். அவர் செயலாளராக வருவதற்கு முன்பு, அந்த நகரில் தண்ணீர் லாரி யார் வாசலில் முதலில் நிற்கும் தெரியுமா? செயலாளருக்கு வேண்டியவர் வாசலில். அண்ணன் வந்தார், அந்த வழக்கத்தை அடியோடு அறுத்தார். தனியாக வந்து காதில் ஓதுகிற வேலையே கிடையாது, எதுவானாலும் மாதக் கூட்டத்தில், மைக்கைப் பிடித்து, எல்லோர் முன்னாலும் கேள், சபை கை தூக்கினால் உனக்கு உண்டு என்றார். எவ்வளவு தூய்மையான விதி! அந்தத் தூய்மையான விதியை அப்படியே வடிகட்டிக்கும் வைத்தார்கள். அடைபட்ட பக்கம் வேண்டுமா? சபையில் எழுந்து, என்ன பக்கம், எதற்காக என்று சொல். கை தூக்குவோம், திறப்போம்.

அடைபட்ட பக்கத்தைத் தொட்டால் கைப்பேசியில் ஓர் அறிவிப்பு வரும். 'நலச்சங்க முடிவின்படி தடுக்கப்பட்டுள்ளது. விவரங்களுக்குச் செயலாளரை அணுகவும்.' கீழே, கூட்டம் என்றைக்கு என்று விசாரிக்க, பால்ராஜ் அண்ணனின் தொலைபேசி எண்.

இனி நான் சொல்லப்போவதை, சம்பந்தப்பட்டவரின் முழுச் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். சொல்லுங்கள் அக்கா, நாலு பேருக்குத் தெரியட்டும் என்று அவரே சொன்னார். அவர் பானுப்பிரியா. பால்ராஜ் அண்ணனின் மருமகள்.

பிள்ளை பெற்றுச் சில வாரங்களே ஆன பச்சை உடம்புக்காரி. தாயும் இல்லை, மாமியாரும் இல்லை. கணவர் அசோக் ஓசூரில் வேலை. போனில் எப்போது கேட்டாலும் நன்றாக இருக்கிறேன் என்பதே இவள் பதில். வீட்டில் இருப்பது மாமனார் ஒருவர். அந்தப் பெண்ணுக்குப் பால் கட்டிக்கொண்டது. ஒரு பக்கம் கல்லாக இறுகியது. தொட்டால் உயிர் போகிறது. யாரிடம் சொல்வாள்? கைப்பேசியிடம் சொன்னாள். மருத்துவர்கள் எழுதிய பக்கம் இருக்கிறது, தமிழிலேயே இருக்கிறது. தொட்டாள். அறிவிப்பு வந்தது. செயலாளரை அணுகவும் என்றது. கீழே பார்த்தால் மாமனாரின் எண்.

என்ன தம்பி, பின்னாலிருந்து? மொபைல் டேட்டா போட்டுப் பார்த்திருக்கலாமே என்கிறார் அந்தத் தம்பி. பார்த்திருக்கலாம். அவளுக்கு ரீசார்ஜ் தீர்ந்திருந்தது. வீட்டை விட்டு நகராதவளுக்கு வைஃபை போதாதா என்று விட்டிருந்தாள். ரீசார்ஜ் செய்யச் சொல்லியும் மாமனாரிடம்தான் கேட்க வேண்டும். அதைவிட இன்னொரு பயம் அவளைப் பிடித்துக்கொண்டது. நாம் எதைத் தேடினோம் என்று அவருக்கே தகவல் போயிருக்குமோ? அப்படி எதுவும் போகாது. அது பாசித்துக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாதே! அன்று மாலை மாமனார் தற்செயலாக அவள் முகத்தைப் பார்த்தார், தெரிந்துவிட்டது என்றே அவள் நினைத்தாள். அதோடு கைப்பேசியை மூடியவள்தான். வலியையும் உள்ளேயே வைத்து மூடினாள்.

குழந்தையைப் பார்க்க வந்தார் பக்கத்து வீட்டு ஷாகிதா. பிள்ளையைத் தூக்கி மடியில் கொடுத்தவர், பானுப்பிரியா பல்லைக் கடித்ததைப் பார்த்தார். உடம்பு நெருப்பாகக் கொதிப்பதைப் பார்த்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆட்டோவைக் கூப்பிட்டார், அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். உள்ளே சீழ் கட்டியிருந்தது. கீறித்தான் எடுத்தார்கள். தொடக்கத்திலேயே வந்திருந்தால் கத்தி பட்டிருக்க வேண்டாமே, ஏன் இவ்வளவு தள்ளிப்போட்டீர்கள் என்று மருத்துவர் கோபித்துக்கொண்டார். அப்போதுதான் அந்த எண்ணைப் பற்றிச் சொல்லி அழுதாள் பானுப்பிரியா. காய்ச்சல் என்று மட்டும் வீட்டில் சொல்லுங்கள் என்று ஷாகிதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஷாகிதா வாக்குக் கொடுத்தார்.

அத்தோடு முடிந்தது என்று நீங்களும் நானும் வீட்டுக்குப் போயிருப்போம். ஷாகிதா போகவில்லை.

அந்த மாதக் கூட்டம். பால்ராஜ் அண்ணன் மைக்கைப் பிடித்துப் பெருமிதத்தோடு பேசினார். வடிகட்டி போட்டு இத்தனை மாதமாயிற்று, ஒரு பக்கத்தையாவது திறந்துவிடுங்கள் என்று ஒருவர்கூட இந்தச் சபையில் எழுந்து கேட்கவில்லை, ஆகவே ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லை என்றார். இதே முறையை அரசாங்கம் நாடு முழுவதும் கொண்டுவர வேண்டும், ஏரிக்கரை நகரே அதற்குச் சான்று என்று தீர்மானம் எழுதி அனுப்புவோம் என்றார். கைதட்டினார்கள்.

கைதட்டல் அடங்கியதும் ஷாகிதா எழுந்தார். தொழிற்பேட்டையில் வேலை முடித்து, கழுத்தில் அடையாள அட்டையோடு நேரே வந்தவர். ஒரு பக்கம் திறக்க வேண்டும் என்றார். என்ன பக்கம் என்றார் அண்ணன். பால் கட்டிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்று மருத்துவர்கள் எழுதிய பக்கம் என்றார் இவர். முணுமுணுப்பில்லாமல், முந்தானைக்குள் முகம் மறைக்காமல், மைக்கில் சொன்னார். ஆண்கள் அத்தனை பேரும் தரையில் எதையோ தேடினார்கள். யாருக்காகக் கேட்கிறீர்கள் என்றார் அண்ணன். எனக்காகத்தான் என்றார் ஷாகிதா.

ஆறாம் வகுப்புப் பிள்ளையின் தாய்! பின்னால் ஒருவர் சிரித்தார். பக்கத்தில் இருந்தவரும் சிரித்தார். அன்பர்களே, அந்தச் சிரிப்பைத்தான் நான் சொல்ல வந்தேன். பானுப்பிரியா என்ற ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் சிரிப்பு அடங்கியிருக்கும். சொன்னாரா? வாக்கைக் காத்தார், சிரிப்பை வாங்கிக்கொண்டார். அவமானத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டு அடுத்தவள் மானத்தைக் காப்பாற்றிய அந்த நிமிடத்துக்குத்தான் இந்த மாலை, இந்தச் சால்வை, இந்த மேடை எல்லாம்.

பால்ராஜ் அண்ணன் நெளிந்தார். "ஏம்மா, பொம்பளைங்க சமாச்சாரத்தையெல்லாம் சபையில பேசலாமா?"

ஷாகிதா அவரை நேராகப் பார்த்தார்.

"பேசக்கூடாதுல்லண்ணே? அப்ப, சபையில வந்து கேளுன்னு ஏன் ரூல் போட்டீங்க? யாரும் கேக்கல, யாரும் கேக்கலன்னு சொல்லிக்கினு கீறீங்க. கேக்க முடியாம எத்தினி பேரு ஊட்ல கீறாங்கன்னு உங்களுக்கு இன்னாண்ணே தெரியும்?"

வாதாடுவது என் தொழில். எத்தனையோ நீதிமன்றப் படி ஏறியிருக்கிறேன். மனம் திறந்து சொல்கிறேன், இப்படி ஒரு குறுக்கு விசாரணையை நான் செய்ததில்லை.

கை தூக்குங்கள் என்றார் ஷாகிதா. ஒரு கையும் எழவில்லை. அப்போது பெண்கள் வரிசையில் கைக்குழந்தையோடு எழுந்தாள் பானுப்பிரியா.

"மாமா, அக்கா எனக்காகத்தான் கேக்குறாங்க. அந்தப் பக்கத்தத் தேடுனது நான்தான். தொறந்தா உங்க நம்பர் வந்துச்சு. உங்களாண்ட நான் எப்படி மாமா கேப்பேன்?"

பால்ராஜ் அண்ணன் மைக்கை மேசைமேல் வைத்தார். வரிசைகளுக்கு நடுவே நடந்து வந்தார். மருமகளிடமிருந்து பேரப்பிள்ளையை வாங்கி ஒரு கையில் அணைத்துக்கொண்டு, இன்னொரு கையைத் தூக்கினார். அதற்குப் பிறகு எழுந்த கைகளை யாரும் எண்ணவில்லை, எண்ண வேண்டியும் இருக்கவில்லை. அரசாங்கத்துக்கு அனுப்பவிருந்த அந்தத் தீர்மானம் எங்கும் போகவில்லை. அண்ணே, கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். தம் விதி தவறு என்று தெரிந்ததும் அதைத் தம் கையாலேயே எடுத்துப்போட்டு, தவறைக் காட்டியவருக்கு விழாவும் எடுக்கிற செயலாளரை நான் வேறெங்கே பார்ப்பேன்?

இப்போது அந்த நகரில் வடிகட்டி வேண்டியவர் பாசித்திடம் சொல்லிப் போட்டுக்கொள்கிறார், வேண்டாதவர் எடுத்துவிடுகிறார். யாரும் யாரிடமும் காரணம் சொல்வதில்லை. ஷாகிதா வீட்டில் இன்றும் வடிகட்டி இருக்கிறது, இனாயாவுக்காக. அதை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பது அந்தத் தாயின் முடிவு. என் வீட்டுத் தேநீரை நான் வடிகட்டிக் குடிப்பது போல, அவ்வளவுதான்.

ஐயா கடிகாரத்தைக் காட்டுகிறார். முடித்துவிடுகிறேன் ஐயா.

அரசாங்கம் நம் எதிரி என்று நான் சொல்லவில்லை. பானுப்பிரியாவின் உயிரைக் காப்பாற்றியது அரசு மருத்துவமனை. பால்ராஜ் அண்ணனை விட அன்பான மாமனார் இந்த வட்டாரத்தில் இல்லை. அந்த அன்பான மனிதரிடமே, ஒரே கூரையின் கீழ், ஒரே சோற்றை உண்டுகொண்டு, ஒரு பெண்ணால் கேட்க முடியவில்லை. நாடு முழுவதற்கும் ஒரே வடிகட்டி என்றால், ஊர் தெரியாத, முகம் தெரியாத, பேர் தெரியாத ஓர் அதிகாரியிடம் அவள் கேட்பாளா? கேட்கவில்லை என்றால், குறையே இல்லை என்று கணக்கு எழுதிக்கொள்வார்களா, மாட்டார்களா? ஒரு நகரின் மௌனத்தை உடைக்க ஒரு ஷாகிதா இருந்தார். ஒரு நாட்டின் மௌனத்தை உடைக்க எத்தனை ஷாகிதாக்கள் வேண்டும்?

கட்டாயம் வேண்டும் என்று வாதிடும் நண்பர்களே, உங்கள் நல்லெண்ணத்துக்கு நான் தலை வணங்குகிறேன். தடுக்கப்பட்டது என்று ஓர் அறிவிப்பு வரும். அதன் அடியில் ஓர் எண் இருக்கும். நள்ளிரவில் வலியில் துடிக்கும்போது உங்கள் மகள் அந்த எண்ணுக்குப் போன் செய்வாளா? வீட்டுக்குப் போய் அவளிடமே கேளுங்கள்.

மோர் தந்த கைகளுக்கும், பொறுமை தந்த காதுகளுக்கும், இடையில் இருமுறை ஹாரனை நிறுத்திய லாரி ஓட்டுநர்களுக்கும் என் நன்றி. சகோதரி ஷாகிதாவுக்கு என் வணக்கம்.