அம்மா எடுக்காத குரல்

அவையை நடத்தும் தலைவர் அவர்களே, அருகே அமர்ந்திருக்கும் ஆன்றோர்களே, வாசகர் வட்டத்து நண்பர்களே, அடுப்பை அவசரமாக அணைத்துவிட்டு வந்திருக்கும் அன்புத் தாய்மார்களே, எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

என்ன ஐயா, கேட்கவில்லையா? இதோ, மைக்கைக் கொஞ்சம் இறக்கிக்கொள்கிறேன்.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பழைய நாவலில் ஓர் அப்பா வருகிறார். அஞ்சலகத்தில் முத்திரை குத்துபவர். ஓடத் தெரியாது, பாடத் தெரியாது, வாதாடத் தெரியாது. பிள்ளைகளுக்கே அவர்மேல் இளப்பம். வெள்ளம் வருகிறது. அந்த அப்பா துடுப்பை எடுக்கிறார், தேர்ந்த படகோட்டியாய் ஆட்களைக் கரை சேர்க்கிறார். ஊரே வாயைப் பிளக்கிறது! பிள்ளைகள் துள்ளுகிறார்கள், தோளில் தொங்குகிறார்கள். ஆனால், இத்தனை நாள் ஏன் மறைத்தீர்கள் அப்பா என்று ஒரு பிள்ளையாவது கேட்டதா?

நான் என் வீட்டில் கேட்டேன்.

என் அம்மா திரையரங்கு வாசலில் டிக்கெட் கிழிப்பவர். அவர் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே பாதிதான் கேட்கும். படம் ஓட்டும் அண்ணன் அவருக்கு வைத்த பெயர் 'மியூட் அக்கா'. சிரிக்கிறீர்கள். நாங்களும் சிரித்தவர்கள்தான்.

ஒரு பகல் காட்சி. நானும் தம்பியும் மாடியில் இருந்தோம். திடீரென்று மின்சாரம் போனது. எவனோ "தீ! தீ!" என்று அலறினான். அவ்வளவுதான்! அத்தனை பேரும் ஒரே படிக்கட்டுக்குப் பாய்ந்தார்கள். இருட்டில் இடித்தார்கள், இடறினார்கள், ஏறி மிதித்தார்கள். தம்பி கால்களுக்கு நடுவே விழுந்துவிட்டான்.

"அக்கா, மூச்சு முட்டுது!"

கையைப் பிடித்து இழுக்கிறேன், வரவில்லை. அப்போது கீழேயிருந்து எழுந்தது ஒரு குரல்.

"நில்லுங்க! தீயெல்லாம் ஒண்ணும் இல்ல! மேல நிக்கறவங்க அப்படியே உட்காருங்க! படியில இருக்கறவங்க மட்டும் இறங்குங்க!"

இடியா அது? இரும்பா அது? கூட்டம் உட்கார்ந்தது. தம்பி என் கையோடு வந்தான்.

"யாருக்கா அது, போலீஸா?"

"தெரியலடா."

பெற்றவளின் குரல் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை! டார்ச்சோடு நின்றவரை நெருங்கிப் பார்த்த பிறகுதான் நம்பினோம்.

"யக்கோவ், இனிமே தியேட்டருக்கு ஸ்பீக்கரே வேணாம்!" என்றார் படம் ஓட்டும் அண்ணன்.

"போப்பா, போய் ஜெனரேட்டரைப் போடு" என்று அம்மா பழையபடி முணுமுணுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "இந்தத் தொண்டையை எங்கம்மா ஒளிச்சு வெச்சிருந்தே?"

"கல்யாணத்துக்கு முன்னாடி நூல் மில்லுல இருந்தேன்ல. மெஷின் சத்தத்துக்கு மேல ஆளைக் கூப்பிட என்னைத்தான் நிக்க வெப்பாங்க."

"அப்புறம் ஏன் எங்களை ஒருநாளும் அதட்டல? இவன் பண்ற சேட்டைக்கு?"

அம்மா துணி மடித்துக்கொண்டே சொன்னார்: "எங்கப்பாவுக்கும் இதே தொண்டைதான். அவர் வாயைத் திறந்தா வீட்டுல வேற யாரும் திறக்க மாட்டோம். மனசுல இருக்கறதைச் சொல்லி எனக்குப் பழக்கமே இல்லாமப் போச்சு. நீங்களாவது பேசுங்கன்னுதான்."

அன்பர்களே! அரங்கையே அடக்கிய குரல் அது. அதை ஆண்டுக்கணக்கில் அடக்கி வைக்க எத்தனை வலிமை வேண்டும்? நான் எதிர்த்துப் பேசினேன், எதையும் ஏன் என்று கேட்டேன், கல்லூரிக்குப் போவேன் என்று அடம்பிடித்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் வாங்கினேன். எல்லாம் என் துணிச்சல் என்றே எண்ணியிருந்தேன். அம்மா குரலைத் தாழ்த்தித் தாழ்த்தி எனக்கு ஒழித்துக் கொடுத்த இடம் அது!

அந்த நாவலை இன்னொரு முறை படியுங்கள். அந்த அப்பா சும்மா இருக்கும் பக்கங்களைக் கொஞ்சம் மெதுவாகப் புரட்டுங்கள்.

இவ்வளவு நேரம் அமைதியாக இருந்து, என்னையும் பேசவிட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. வணக்கம்.